புல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு

மரம் நடு விழா என்றால் ஊரே அமர்க்களப்படும். பந்தல் போடுவார்கள், மைக் செட் வரும், பெரிய மனிதர் ஒருவர் வந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார், மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். "புல் பாதுகாப்பு விழா" என்று எங்காவது நடந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? இல்லவே இல்லை. அது போகட்டும். அந்த மரக்கன்றுக்குக் குழி எங்கே தோண்டுகிறார்கள்? ரோட்டோரத்தில் தோண்டுவார்கள், ஏரிக்கரையில் தோண்டுவார்கள், அதற்கும் மேல் இடம் வேண்டுமென்றால் மேய்க்கால் புறம்போக்கில் தோண்டுவார்கள். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "சும்மாதானே கிடக்கு!"

இந்த "சும்மா" என்ற வார்த்தையில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. புல் முளைத்த நிலம் சும்மா கிடப்பதில்லை. அது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மண்ணுக்குள் வைத்துக்கொண்டே இருக்கிறது. வேலை நடப்பது தரைக்குக் கீழே என்பதால் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இதை யோசிக்கக் கடலூர் மாவட்டத்தை விட நல்ல இடம் கிடைக்காது. நெய்வேலியில் பூமிக்கு அடியிலிருந்து கார்பனைத் தோண்டி எரிக்கிறார்கள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் கார்பனைச் சேற்றுக்குள் புதைக்கிறது. நடுவில் கரும்பு, நெல், வெட்டிவேர், சவுக்கு, முந்திரி. இவற்றுக்கெல்லாம் இடையே, எந்தப் பட்டியலிலும் பெருமையாகச் சொல்லப்படாத புல்தரை.

சம்பளம் வேறு, சேமிப்பு வேறு

முதலில் அடிப்படைக் கணக்கு. ஒரு செடி வெயிலைக் கொண்டு காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சர்க்கரையாக மாற்றுகிறது. ஒரு வருஷத்தில் ஒரு நிலம் இப்படி மொத்தமாகப் பிடிக்கும் கார்பனை "மொத்த உற்பத்தித் திறன்" என்பார்கள். மாதச் சம்பளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் செடியும் மூச்சுவிட வேண்டும், வளர வேண்டும். சம்பளத்தில் ஏறத்தாழ பாதி அதற்கே போய்விடும். மீதி இருப்பது "நிகர உற்பத்தித் திறன்". இதுதான் இலையாக, தண்டாக, வேராக நிற்பது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மாடு மேய்கிறது, கரையான் தின்கிறது, மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சருகை மக்கவைத்து மறுபடியும் கரியமில வாயுவாகக் காற்றில் விட்டுவிடுகின்றன. எல்லாச் செலவும் போக மண்ணில் மிஞ்சுவதுதான் நிஜமான சேமிப்பு.

பெரிய சம்பளக்காரர் எல்லோரும் பெரிய சேமிப்புக்காரர் என்று சொல்ல முடியாது அல்லவா? நிலமும் அப்படித்தான். பார்க்கப் பசுமையாக, மளமளவென்று வளர்கிற எல்லாமே கார்பனைச் சேமிக்கிறது என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு.

கரும்பும் புல்தான்

கரும்பு புல் குடும்பம் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதுவும் சாதாரணப் புல் இல்லை. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, அருகம்புல் இவையெல்லாம் "சி4" என்ற வகை. இந்தச் செடிகள் கரியமில வாயுவை முதலில் நான்கு கார்பன் கொண்ட ஒரு பொருளாகப் பிடித்து, இலையின் உள் அறைக்கு அனுப்பி, அங்கே செறிவாக்கிப் பயன்படுத்துகின்றன. கடும் வெயிலிலும் குறைந்த தண்ணீரிலும் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும். ஹவாயில் கரும்பை ஆராய்ந்தவர்கள் இதன் நுனியைப் பிடித்தார்கள். 1960களில் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் முழு வழியையும் விளக்கினார்கள். பூமியில் உள்ள தாவர இனங்களில் சுமார் 3 சதவீதம்தான் சி4 வகை. ஆனால் நிலத்தாவரங்கள் செய்யும் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ கால் பங்கு இவற்றுடையது!

கடலூரில் ஒரு கரும்பு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கோ.சி. 671 என்ற பிரபலமான ரகத்தின் பெயரில் இரண்டாவதாக வரும் எழுத்து கடலூரைக் குறிப்பதுதான். அதற்கும் முன்னால், கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1918-ல் வெளிவந்த கோ 205 என்ற ரகத்தில், ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் காட்டு நாணலின் ரத்தம் இருக்கிறது. நல்ல கரும்போடு நாணலை ஒட்டுச் சேர்த்ததால்தான் அந்த உறுதி கிடைத்தது. "சும்மா" முளைத்த புல் செய்த உபகாரம் அது.

சரி, கரும்பு வயல் கார்பனை அள்ளிக் குவிக்கிறதா? சம்பளம் அபாரம். ஆனால் வெட்டிய கரும்பு நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிறது, சக்கை எரிபொருளாகிறது, சர்க்கரை டீயில் கரைந்து மனிதர்களின் மூச்சாக வெளியே வருகிறது, தோகையைப் பல இடங்களில் வயலிலேயே கொளுத்திவிடுகிறார்கள். வருஷக் கடைசியில் மண்ணில் மிஞ்சுவது கொஞ்சம்தான். உழுது கிளறும் மண் வேறு தன் பழைய சேமிப்பையும் மெல்ல இழக்கும்.

இதற்கு நேர் எதிரானது உழாத, கொளுத்தாத புல்தரை. மேலே பார்த்தால் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஆனால் அதன் உடம்பில் பெரும்பகுதி தரைக்குக் கீழே. வேர் செத்து, புதுவேர் வந்து, அதுவும் செத்து... இப்படி வருஷக்கணக்காக மண்ணோடு மண்ணாகக் கார்பன் சேர்கிறது. உலகத்தின் புல்வெளிகளை எல்லாம் சேர்த்தால், நிலப்பரப்பில் உள்ள கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவற்றிடம் இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி மண்ணுக்குள்.

வேர் எவ்வளவு ஆழம் போகும் என்று சந்தேகப்படுகிறவர்கள் கடலூருக்குத் தெற்கே கடலோர மணல் கிராமங்களில் வெட்டிவேர் தோண்டுவதைப் பார்க்கலாம். வெட்டிவேரும் ஒரு புல்தான். அதன் வேர் இரண்டு மூன்று மீட்டர் வரை இறங்கும். வாசனைக்காக அதைத் தோண்டி எடுத்துவிடுவதால் அங்கே கார்பன் தங்காது என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு புல் மணலுக்குள் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

தானே புயல் காட்டியது

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் ஒரே நாளில் சாய்ந்தன. பாட்டன் வைத்த மரங்கள் வேரோடு புரண்டு கிடந்தன. அந்தக் குடும்பங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட இழப்பு என்பது ஊருக்கே தெரியும். கார்பன் கணக்கில் மட்டும் பார்த்தால், பல பத்தாண்டுகளாக மரத்தில் சேர்ந்தது ஓரிரு வருஷத்தில் விறகாகவும் மக்கிய கட்டையாகவும் காற்றுக்குத் திரும்பிவிட்டது.

புல்லைப் புயல் என்ன செய்யும்? படுக்க வைக்கும், அவ்வளவுதான். அதன் சேமிப்பு மண்ணுக்குள் பத்திரம்.

கலிஃபோர்னியாவில் இதே கேள்வியைத் தீயை வைத்துக் கேட்டார்கள். டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கணினி மாதிரிகளை ஓட்டிப் பார்த்து 2018-ல் வெளியிட்ட முடிவு இது: வறட்சியும் காட்டுத்தீயும் அதிகமாகும் எதிர்காலத்தில், அந்த மாநிலத்தில் காட்டைவிடப் புல்வெளியே நம்பகமான கார்பன் கிடங்கு. காடு எரிந்தால் மரத்தில் உள்ளது போகும், புல்வெளி எரிந்தால் வேரிலும் மண்ணிலும் உள்ளது பெரும்பாலும் தங்கும். காலநிலை பெரிதாக மாறாமல் இருந்தால் காடுதான் அதிகம் சேமிக்கும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. கலிஃபோர்னியாவுக்குத் தீ என்றால் கடலூருக்குப் புயல். கார்பனை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போது எவ்வளவு வைக்கலாம் என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு பத்திரமாக வைக்கலாம் என்றும் கேட்க வேண்டும்.

எது காடு, எது வெறும் நிலம்?

இந்திய வன அளவைத் துறையின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கிளைகளின் நிழல் 10 சதவீதம் இருந்தால் போதும், அது "வனப்பரப்பு". யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. ஆக, கடலூர் கடலோரத்துச் சவுக்குத் தோப்பும் அதில் வரலாம். நாலைந்து வருஷத்தில் அதை வெட்டிக் கூழுக்கும் சாரத்துக்கும் அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் நூறு வருஷமாக உழாத மேய்க்கால் புல்தரை அந்தக் கணக்கில் வராது. அது மட்டுமா? மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர்க்காடும் நலிந்த மேய்ச்சல் நிலமும் "தரிசு" வகைகளாகவே இடம்பெற்று வந்திருக்கின்றன.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. பெயரை வைத்துத்தான் பணமும் திட்டமும் வரும். 2030-க்குள் கூடுதல் காடு, மரங்கள் மூலம் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான சேமிப்பை உருவாக்குவதாக இந்தியா 2015-ல் உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. தமிழ்நாடு 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, 23.7 சதவீதமாக இருந்த வன, மரப் பரப்பைப் பத்து வருஷத்தில் 33 சதவீதமாக்குவோம் என்றது. நோக்கம் நல்லதுதான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவ்வளவு மரத்துக்கும் இடம் எங்கே என்று அதிகாரிகள் பதிவேட்டைப் புரட்டும்போது முதலில் கண்ணில் படுவது என்ன? "மேய்க்கால்", "தரிசு" என்று எழுதியிருக்கும் பக்கங்கள்தான்.

இந்த மயக்கம் பெரிய விஞ்ஞானிகளுக்கும் வந்திருக்கிறது. 2019-ல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகத்தில் கூடுதலாக 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர்க்க இடமிருக்கிறது, அதனால் 20,500 கோடி டன் கார்பனைப் பிடிக்கலாம் என்றது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. சில மாதத்திலேயே வேறு பல விஞ்ஞானிகள் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள். பழமையான புல்வெளிகளையும் காலியிடமாகச் சேர்த்துவிட்டீர்கள், அந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கார்பனைக் கணக்கில் எடுக்கவில்லை, உங்கள் எண் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் என்றார்கள். 2020-ல் மூலக் கட்டுரைக்குத் திருத்தம் வந்தது.

தமிழ்நாட்டு மலைகளில் இது வெறும் காகிதத் தகராறாக நிற்கவில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே சீகை, யூகலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களைப் புல்வெளியில் நட்டார்கள். மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் பழனி மலைப் புல்வெளி நாற்பது வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. காட்டை வெட்டியதால் வந்த புல்தானே அது என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. சி4 புல்லும் மற்ற செடிகளும் மக்கிய பிறகும் மண்ணில் வெவ்வேறு கார்பன் ஐசோடோப் அடையாளத்தை விட்டுப்போகும். அந்த அடையாளத்தை நீலகிரியின் பழைய கரிச்சேற்றில் தேடினார்கள் ராமன் சுகுமாரும் அவர் குழுவினரும். 1993-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி ஏறத்தாழ 20,000 வருஷம் முன்பே அங்கே புல் செழித்திருந்தது. மனிதன் அங்கே கோடாரி எடுப்பதற்கு வெகுகாலம் முன்பு!

நெய்வேலிக் கணக்கு

மரம் வைத்துவிட்டால் நெய்வேலிப் புகைக்குச் சரிக்குச் சரி ஆகிவிடும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு டன் பழுப்பு நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயு. நெய்வேலியில் ஆண்டுக்கு இரண்டு கோடி டன்னுக்கு மேல் தோண்டுகிறார்கள். நன்றாகப் பராமரித்த ஒரு ஹெக்டேர் புல்தரை வருஷத்துக்கு அரை டன் கார்பனைப் புதிதாகச் சேர்க்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், அது கரியமில வாயுக் கணக்கில் சுமார் 1.8 டன். இரண்டு கோடியை 1.8-ஆல் வகுத்தால் ஒரு கோடியே பத்து லட்சம் ஹெக்டேர் வேண்டும். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் ஒரு கோடியே முப்பது லட்சம் ஹெக்டேர்தான்! சரி, மரம் ஐந்து மடங்கு வேகமாகப் பிடிக்கும் என்று வைத்தாலும் 22 லட்சம் ஹெக்டேர் வேண்டும். அதாவது ஆறு கடலூர் மாவட்டம்.

ஆகவே புல்லோ மரமோ, எதுவும் நிலக்கரிக்குப் பரிகாரம் ஆகாது. எரிப்பதைக் குறைப்பதுதான் வழி. அப்படியானால் புல்லை ஏன் காக்க வேண்டும்? ஏற்கெனவே மண்ணில் இருப்பதைக் கிளறி வெளியே விடாமல் இருப்பதற்காக. ஒரு மேய்க்காலைப் புல்டோசர் விட்டு உழுது, குழி தோண்டி, பாதிக் கன்று காய்ந்துபோனால், கிடைத்ததைவிட இழந்தது அதிகமாக இருக்கலாம்.

எதிர்க்கேள்விகள்

இதற்கு நியாயமான மறுப்புகளும் உண்டு. மாடும் ஆடும் மீத்தேன் விடுகின்றனவே? உண்மைதான். ஆனால் மேய்க்கால் போய்விட்டால் மாடு மறைந்துவிடாது. கடையில் வாங்கிய தீவனத்தைக் கட்டுத்தறியில் தின்னும், அல்லது கசாப்புக்குப் போகும். அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் கீதாரியின் ஆடு, வழியில் மேய்ந்த புல்லை எருவாக்கி நெல்வயலுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதுவும் கார்பன் சுழற்சிதான். மேய்க்கால் சுருங்கினால் முதலில் அடிபடுவது நாலு ஆட்டை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் நிலமில்லாத குடும்பம்.

இன்னொரு மறுப்பு: இன்றைய மேய்க்காலில் புல் எங்கே இருக்கிறது, சீமைக் கருவேலம்தானே இருக்கிறது? பல ஊர்களில் அது நிஜம். அளவுக்கு மீறி மேய்த்துக் கட்டாந்தரையான இடங்களும் உண்டு. அந்த இடங்களில் கருவேலத்தை எடுத்துவிட்டு, சில மாதம் மேய்ச்சலை நிறுத்தி, ஊர்ப் புல்லைத் திரும்ப வரவிடுவதும் ஒரு பசுமைத் திட்டம்தான். அதற்குக் கன்று வாங்கும் செலவுகூட இல்லை. மேய்க்காலில் கட்டிடம் எழுப்புவதையும் ஆக்கிரமிப்பதையும் பற்றி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஊர்ப் பொதுநிலம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்று.

அளந்து பார்க்காமல் எதுவும் நடக்காது

பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக்கு மேலே ஒரு கோபுரம் இருக்கிறது. காற்று மேலும் கீழும் சுழலும்போது கரியமில வாயு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று நொடிக்குப் பல தடவை அளக்கும் கருவி அதில் உண்டு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகத்தின் மெட்ஃப்ளக்ஸ் திட்டத்தில் அமைந்தது. இப்படி அளந்ததால் பிச்சாவரத்தைப் பற்றி எண்களோடு பேச முடிகிறது. 2022-ல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்தது. எண் இருக்கும் இடத்துக்கு மரியாதை தானாக வரும்.

மேய்க்காலுக்கு அவ்வளவு பெரிய கோபுரம் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் கம்பிச் சட்டம், அரிவாள், தராசு, உலர்த்தும் அடுப்பு. சட்டத்துக்குள் இருக்கும் புல்லை மாதாமாதம் அறுத்து, உலர்த்தி, எடை போட்டால் மேலே உற்பத்தி எவ்வளவு என்று தெரியும். பக்கத்தில் ஒரு மீட்டர் ஆழக் குழியில் அடுக்கடுக்காக மண் எடுத்தால் கீழே சேமிப்பு எவ்வளவு என்று தெரியும். வேலியிட்டு மேய்ச்சலைத் தடுத்த இடம் ஒன்று, மேயவிட்ட இடம் ஒன்று, மரம் வைத்த இடம் ஒன்று என்று மூன்றையும் ஒப்பிட்டால் போதும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வேளாண் புலம் இருக்கிறது, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வருஷா வருஷம் யாரும் படிக்காத ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுவதற்குப் பதில், ஒரு தாலுகாவின் மேய்க்கால்களை அளந்து அந்தந்த கிராம சபையில் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வரப்பில் வைக்கலாம், ரோட்டோரம் வைக்கலாம், ஏரிக்கரையில் பனை விதைக்கலாம், விழுந்த பலாவுக்குப் பதில் பலா வைக்கலாம். உப்பங்கழி ஓரத்தில் அலையாத்தி வைக்கலாம். புல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புல்லை இருக்கவிட வேண்டும். அதற்கு முதல் வேலை, "தரிசு" என்று எழுதியிருக்கும் பக்கத்தில் குழி தோண்டுவதற்கு முன் அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. அடுத்த முறை ஊரில் மரம் நடு விழா நோட்டீஸ் வரும்போது, எந்த சர்வே நம்பரில் நடுகிறார்கள், அங்கே இப்போது யாருடைய மாடு மேய்கிறது என்று ஒரே ஒரு ஆள் எழுந்து கேட்டால்கூடப் போதும்.